மஞ்சளில் என்ன இருந்தது?

போன மாதம் எங்கள் விஞ்ஞானிகள் சங்கத்தின் மைசூர்க் கிளைக்கு ஓர் இன்லண்ட் லெட்டர் வந்தது. தமிழில். கமிட்டியில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். செயலாளர் நாகராஜ் அதை என் பக்கம் நகர்த்தினார். மண்டி மொஹல்லாவிலிருந்து வந்திருக்கிறது, நம் முகாமைப் பாராட்டித்தான் இருக்கும், படித்து எல்லோருக்கும் கன்னடத்தில் சொல்லுங்கள் என்றார்.

முதல் இரண்டு வரியை மனத்துக்குள் படித்தேன். பாராட்டு இல்லை. புகார். அதுவும் என் மேல்.

குற்றம் சாட்டப்பட்டவளே மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தால் என்ன செய்வது? ஒரு விநாடி... ஒரே ஒரு விநாடி, 'முகாம் மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்று சொல்லிவிட்டு மடித்து வைத்துவிடலாமா என்று தோன்றியது. உங்களிடம் மறைப்பானேன்? ஆனால் என் முகம் அதற்குள் காட்டிக் கொடுத்துவிட்டது. ஒழுங்காகவே மொழிபெயர்த்தேன்.

எழுதியவர் பெயர் செல்வி. மண்டி மொஹல்லாவில் கணவர் முருகேசனோடு சின்ன மளிகைக் கடை நடத்துகிறார். சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையோரம், ஹனூர் பக்கம். 'எங்கள் காட்டில் விளைந்த மஞ்சளை நானே நின்று மிஷினில் அரைத்து விற்கிறேன். அதை உங்கள் கண்ணாடி போட்ட அம்மா பத்துப் பேர் நடுவில் கலப்படம் என்று சொல்லிவிட்டார்கள். வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். எதை ஊற்றி எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று தெரியப்படுத்தினால் நன்றாயிருக்கும்.' இவ்வளவுதான் கடிதம். திட்டு ஒரு வார்த்தை இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அந்த முகாமில் கண்ணாடி போட்ட அம்மா ஒரே ஒருத்திதான் இருந்தாள்.

விஷயம் இதுதான். விஞ்ஞானம் மக்களிடம் போக வேண்டும் என்று எங்கள் கிளை முடிவு செய்தது. உணவில் கலப்படத்தைக் கண்டுபிடித்துச் சொல்லும் இலவச முகாம். ஞாயிற்றுக்கிழமை காலை, மண்டி மொஹல்லாவில் ஒரு பள்ளிக்கூட வராந்தா. பாலுக்கு ஒரு மேஜை, டீத்தூளுக்கு ஒரு மேஜை, மஞ்சள்தூளுக்கு ஒரு மேஜை. மஞ்சள் மேஜைக்கு வர வேண்டிய வேதியியல்காரர் வரவில்லை. அவர் மகளை அன்றைக்குத்தான் பெண் பார்க்க வருகிறார்களாம். நான் காலேஜில் நடத்துவது இயற்பியல். லென்ஸ், ஊசல் என்றால் எனக்குத் தெரியும். ஆனால் தொண்டு செய்ய வந்த இடத்தில் 'இது என் பாடம் இல்லை' என்று சொன்னால் நன்றாயிருக்குமா? உட்கார்ந்துவிட்டேன்.

நாகராஜ் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டுக்கொண்டே சொல்லிக் கொடுத்தார். டெஸ்ட் டியூபில் ஒரு சிட்டிகை தூள், கொஞ்சம் தண்ணீர், சில சொட்டு ஆசிட். சிவப்பாக மாறும். நல்ல மஞ்சளும் அப்படித்தான் மாறும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அப்புறம் நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும். சிவப்பு போய்விட்டால் மஞ்சள் நல்லது. போகாமல் நின்றால் சாயம்.

இதைவிட எளிதாக ஒரு வேலை இருக்குமா?

பத்து மணியிலிருந்து வரிசை. வந்த பொட்டலம் எல்லாம் சிவந்தது, தண்ணீர் விட்டதும் வெளுத்தது. சந்தோஷமாகத் திரும்பிப் போனார்கள். அப்போதுதான் பார்வதம்மா வந்தார். அந்தத் தெருவுக்கே தெரிந்த மனுஷி. பொட்டலத்தைப் பிரிக்கும்போதே இது முருகேசன் கடைச் சரக்கு என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். ஆசிட் விட்டேன். சிவந்தது. அந்தச் சமயம் பார்த்து ஒருவர் பால் மேஜை எங்கே என்று கேட்டார். இன்னொருவர், ஆசிட் கையில் பட்டால் என்ன ஆகும் என்றார். பார்வதம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு 'ஏனாயித்து?' என்றார், என்ன ஆச்சு என்று. கலப்படம் இருக்கிற மாதிரி தெரிகிறது என்று கன்னடத்தில் சொன்னேன். டியூபை வாளியில் கவிழ்த்தேன். அடுத்த பொட்டலம்.

தண்ணீர் ஊற்றினேனா?

கடிதத்தை மொழிபெயர்த்து முடித்தபோதுதான் இந்தக் கேள்வியே எனக்கு வந்தது. பாட்டிலைக் கையில் எடுத்தது ஞாபகம் இருக்கிறது. சாய்த்தது ஞாபகம் இருக்கிற மாதிரி இருக்கிறது. சிவப்பு நின்றதையும் பார்த்தேன்... ஆனால் அது தண்ணீர் விடுவதற்கு முன்னால் பார்த்த சிவப்பா, விட்ட பிறகு பார்த்த சிவப்பா? யோசிக்க யோசிக்க இரண்டுமே நடந்த மாதிரி இருந்தது. நோட்டில் 'கலப்படம்' என்று என் கையெழுத்தில் தெளிவாக எழுதியிருந்தது. எப்படிக் கண்டேன் என்று எழுதவில்லை. மாணவர்கள் இப்படி ரெக்கார்டு நோட்டு எழுதிக் கொண்டுவந்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

கமிட்டியில் என் சந்தேகத்தைச் சொன்னேன். ஒருவர், மாதிரி கையில் இல்லாத பரிசோதனை பரிசோதனையே இல்லை, ஆகவே நாம் எதுவும் சொல்லவில்லை என்றே அர்த்தம் என்றார். இன்னொருவர், மன்னிப்புக் கேட்டால் நாளைக்கு எல்லாக் கடைக்காரர்களும் கடிதம் எழுதுவார்கள் என்றார். மூன்றாமவர், நான் சங்கத்தின் சார்பில் சொன்னேனா, சொந்த ஹோதாவில் சொன்னேனா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும் என்றார். சம்பளம் வாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தவள் எந்த ஹோதாவில் உட்கார்ந்தாள்? எனக்கே தெரியவில்லை. கடைசியில் 'கடிதம் வரப்பெற்றது' என்று மினிட்ஸில் எழுதிவிட்டு காபி குடித்தோம்.

வீட்டுக்கு வந்தால் சாம்பார் இறங்கவில்லை. அதிலும் மஞ்சள்தானே?

வியாழக்கிழமை காலேஜ் முடிந்து நேராக மண்டி மொஹல்லாவுக்குப் போனேன். ஆட்டோ சந்துக்குள் நுழையாது. இறங்கி விசாரித்துக்கொண்டே நடந்தேன். கடையில் முருகேசன் இருந்தார். நாற்பது வயது இருக்கும். உள்ளே செல்வி பருப்பு புடைத்துக்கொண்டிருந்தார். முகாமில் இருந்த கண்ணாடி போட்ட அம்மா நான்தான் என்று தமிழில் சொன்னதும் இரண்டு பேரும் திகைத்துவிட்டார்கள். முகாமில் நான் கன்னடம்தானே பேசினேன்!

என் யோசனையைச் சொன்னேன். முகாமில் என் பரிசோதனை தப்பு, உங்கள் மஞ்சள் நல்ல மஞ்சள் என்று ஞாயிற்றுக்கிழமை இதே கடை வாசலில் நின்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால், அன்றைக்கு விற்ற தூளில் மிச்சம் இருந்தால் கொஞ்சம் கொடுங்கள், சரியாக ஒரு முறை பார்த்துவிடலாம் என்றேன்.

மிச்சம் இல்லை. திருப்பி வந்த பொட்டலங்களையும் டின்னில் இருந்ததையும் செல்வி கோபத்தில் சாக்கடையில் கொட்டி, டின்னைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். பார்வதம்மா தன் பங்கை முகாம் அன்றைக்கே கொட்டிவிட்டாராம். ஆக, மைசூரில் எங்கேயும் அந்த மஞ்சள் ஒரு சிட்டிகைகூடக் கிடையாது.

பரவாயில்லை, நான் சொன்னபடியே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன் என்றேன். செல்விக்கு முகம் மலர்ந்தது. பக்கத்துக் கடைக்காரியிடம் ஆரம்பித்துத் தெரு முழுக்க இந்த மஞ்சளுக்காகச் சண்டை போட்டவர் அவர்தானாம்.

முருகேசன் மட்டும் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நல்ல மஞ்சள்னு சொல்லாதீங்க மேடம்."

எனக்குப் புரியவில்லை.

"அந்த வாரம் ஊர்லயிருந்து சரக்கு வரலீங்க. இருந்ததும் தீர்ற மாதிரி ஆயிருச்சு. மண்டியில ஒருத்தர்கிட்ட தூளாவே வாங்கி எங்க தூளோட கலந்துட்டேனுங்க. அதுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க."

செல்வியின் கையில் முறம் அப்படியே நின்றது. அவருக்கே இது அப்போதுதான் தெரிகிறது. கடிதம் எழுத வேண்டாம் என்று கணவர் பல தடவை தடுத்தாராம், அது ஏன் என்பதும் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

"ஊரெல்லாம் எங்க காட்டு மஞ்சள், எங்க காட்டு மஞ்சள்னு சண்டை புடிச்சேனே..." என்றார். "அன்னைக்கே ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

செல்வி முறத்தை வைத்துவிட்டு உள்ளே போனார். நான் எதற்காக வந்தேன் என்பதே மறந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் ஒரு குடும்பத்துக்குள் கல்லைப் போட்டுவிட்டேனா? அல்லது அது ஏற்கெனவே அங்கே கிடந்த கல்லா? புறப்படவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், கால் கிலோ வெல்லம் வாங்கினேன். எங்கள் வீட்டில் வெல்லம் நிறைய இருந்தது.

என்னதான் சொல்லட்டும் என்று முருகேசனையே கேட்டேன்.

"தெரியலைன்னு சொல்லுங்க. அதானுங்களே நெசம்?"

வேடிக்கையைப் பாருங்கள். கமிட்டியில் அத்தனை டாக்டர் பட்டங்கள் உட்கார்ந்திருந்தோம். யாராவது ஒருவர் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்ததா?

ஞாயிற்றுக்கிழமை போனேன். நாகராஜிடம் முன்கூட்டியே சொன்னேன். சங்கத்தின் பெயரை இழுக்காமல் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். கடை வாசலில் ஏழெட்டுப் பேர் கூடினார்கள். பார்வதம்மாவும் வந்தார். செல்வி கதவோரமாக நின்றிருந்தார். கணவர் பக்கம் திரும்பவில்லை, ஆனால் வந்து நின்றிருந்தார்.

அன்றைக்கு நான் கடைசியாகத் தண்ணீர் ஊற்றினேனா என்று நிச்சயமில்லை, அதனால் அந்த மஞ்சளில் சாயம் இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது, தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னது என் தப்பு என்றேன்.

நான் முடித்ததும் முருகேசன் தானாகவே முன்னால் வந்து, வெளியில் வாங்கிக் கலந்ததைச் சொன்னார். இனிமேல் ஊர்ச் சரக்கு வந்தால்தான் விற்பேன், அதுவும் கிழங்காகவே கொடுப்பேன், அவரவரே அரைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

பார்வதம்மா என்னையும் முருகேசனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, அப்படியானால் அன்றைக்குத் தான் கொட்டியது நல்ல மஞ்சளா, கெட்ட மஞ்சளா என்று என்னைக் கேட்டார்.

தெரியாது என்றேன்.

அவனுக்கு? என்று முருகேசனைக் காட்டினார்.

அவருக்கும் தெரியாது.

பார்வதம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். பார்வதம்மாவும் சிரிக்கிறாரா கோபப்படுகிறாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் போகும்போது முருகேசனிடம் கிழங்கு எப்போது வரும் என்று விசாரித்துவிட்டுத்தான் போனார்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை அந்தப் பக்கம் போனேன். கிழங்கு வந்துவிட்டது. பார்வதம்மா வாங்குகிறார். இன்னும் சிலரும் வாங்குகிறார்கள். வாரா வாரம் நிறைய வாங்கிக்கொண்டிருந்த ஒரு மெஸ்காரர் மட்டும் திரும்பி வரவேயில்லை. அது என் வாயால் போன வியாபாரம். அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று இன்றுவரை தெரியவில்லை. செல்வி என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறார். முருகேசனிடம் பேசுகிறாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் போன வாரம் இரண்டு பேரும் ஒரே செய்தித்தாளைப் பங்கு போட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். அதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன். சரியா?

நான் செய்தது சரியா என்பதும் குழப்பமாகத்தான் இருக்கிறது. பேசாமல் இருந்திருந்தால் ஒரு பழி அப்படியே நின்றிருக்கும். 'நல்ல மஞ்சள்' என்று சொல்லியிருந்தால் ஒரு மெஸ்காரர் திரும்பி வந்திருப்பார், ஒரு பொய்யும் கூடவே வந்திருக்கும். தெரியாது என்றேன்... பாதிப் பழி போயிற்று, பாதி நிற்கிறது. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் மீதிப் பாதி வெளுக்காது போலிருக்கிறது.

அடுத்த முகாமுக்கு சங்கத்தில் பட்டியல் போட்டுவிட்டார்கள். மஞ்சள் மேஜை எனக்கு இல்லை. மேடைக்கு மைக் ஏற்பாடு செய்கிற வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு வருத்தமே இல்லை — மைக் வேலை செய்கிறதா இல்லையா என்பதையாவது நிச்சயமாகச் சொல்லிவிடலாம்!