சூரியநெல்லியில் அம்மா எடுத்த படம்

எங்கள் அம்மா இறையடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. அவருக்காக இறைவனிடம் கையேந்த வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், மூத்த மகள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். உங்களில் பலர் அம்மாவைப் பெரியம்மாவாகவும் மாமியாகவும் அறிவீர்கள். பாலக்காட்டில் கேமரா பிடித்த பெண்ணாக அவரை அறிந்தவர்கள் இன்று மிகக் குறைவு. அவர்களுக்குப் பிறகும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று தம்பிகளும் நானும் நினைத்தோம்.

அம்மா பாலக்காட்டை அடுத்த புதுநகரத்தில் ஓர் அரிசி வியாபாரியின் வீட்டில் பிறந்தார். தாயைச் சிறு வயதிலேயே இழந்ததால் பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டுத் தம்பியையும் தங்கையையும் இடுப்பில் சுமந்து வளர்த்தார். பிள்ளைகளின் அழுகையில் பசி எது, பயம் எது, பிடிவாதம் எது என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

திருமணமாகிப் பாலக்காட்டுக்கு வந்தபோது எங்கள் தந்தை, நாங்கள் அத்தா என்று அழைப்பவர், கோட்டைக்கு அருகில் ஒரு மாடியில் ஸ்டூடியோ நடத்திக்கொண்டிருந்தார். குடும்பங்களை வரிசையாக நிறுத்தி எடுப்பதில் அவருக்கு நல்ல பெயர். குழந்தைகள்தான் அவருக்குப் பிடிபடவில்லை. முகம் நிறையப் பவுடர் பூசி, உயரமான முக்காலியில் ஏற்றி, "அசையாதே" என்று சொல்லிவிட்டு அவர் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்ததும் குழந்தை வீறிடும்.

ஒருநாள் மதியச் சாப்பாடு கொண்டுபோன அம்மா இதைப் பார்த்தார்.

"ஏனுங்க, இந்தப் புள்ளைக்குப் பசிக்குது. மொதல்ல பால் குடிக்கட்டும். அந்த முக்காலியையும் எடுத்துடுங்க, விழுந்துடுவோம்னு பயப்படுது."

"அதுக்குள்ள வெளிச்சம் போயிடும்."

"வெளிச்சம் நாளைக்கும் வருமுங்க. புள்ளை பயந்துட்டா நாளைக்கு வராது."

அம்மா தரையில் பாய் விரித்தார். பவுடரைத் துடைத்தார். கேமராவைக் குழந்தையின் கண் மட்டத்துக்கு இறக்கச் சொன்னார். தாயின் வளையல் ஒன்றைக் கையில் கொடுத்ததும் குழந்தை அதைச் சுழற்றிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தது. அந்த நிமிர்வு படத்தில் விழுந்தது. அன்று முதல் குழந்தைகள் வரும் நாளில் அத்தா அம்மாவுக்கு ஆள் அனுப்புவார்.

கேமரா அம்மாவின் கைக்கு வந்தது வேறு காரணத்தால். எங்கள் பக்கத்துப் பெண்கள் அந்நிய ஆண் முன்னால் படத்துக்கு உட்கார மாட்டார்கள். கொழும்பில் கடை வைத்திருந்த ஒருவர், தாம் இன்னும் முகம் காணாத மகனை மனைவியோடு சேர்த்துப் படமெடுத்து அனுப்பும்படி வீட்டாரைக் கேட்டிருந்தார். அந்தப் பெண் ஸ்டூடியோவுக்கு வர மறுத்துவிட்டாள்.

"நீ எடு" என்றார் அத்தா.

"நானா? பிளேட்டு வீணாப் போயிடுமுங்க."

"போனா இன்னொண்ணு போட்டுக்கலாம். கத்துக்க."

மனைவியிடம் இப்படிச் சொல்ல அந்தக் காலத்தில் மனம் வேண்டும். அத்தாவின் அண்ணன் கோபித்துக்கொண்டு வெகுநாள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அத்தா அதைத் தாங்கிக்கொண்டார். அம்மா வீடு வீடாகப் போய்த் தாய்மாரையும் பிள்ளைகளையும் படமெடுத்தார்.

அம்மா வளர்த்த தம்பி, எங்கள் மாமா, சூரியநெல்லியில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். மழை ஓய்ந்ததும் ஆண்டுதோறும் அத்தாவும் அம்மாவும் கேமராவோடு உடுமலை வழியாக மூணாறு போய், அங்கிருந்து தேயிலை லாரியில் மாமா வீட்டுக்குப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களின் முற்றத்தில் குடும்பங்கள் படத்துக்குக் காத்திருக்கும். எனக்கு ஐந்து வயதானபோது என்னையும் அழைத்துப் போனார்கள். அங்கு நடந்ததில் பாதி என் நினைவு, மீதி மாமா சொன்னது.

கொழுந்து பறிக்கும் முத்தம்மாள் அம்மாவிடம் வந்து, தன் மகள் பேச்சியைப் படமெடுத்துத் தர வேண்டும், ஆனால் வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது என்று கேட்டார்.

"ஏன், அவருக்குப் பிடிக்காதா?"

"மூத்தவன போடித் திருவிழாவுல படம் புடிச்சோம்மா. அந்த மாசமே காய்ச்சல்ல போயிட்டான். படம் புடிச்சதாலதான் போனான்னு இவரு அதக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டாரு. இப்போ அவன் மொகம் எனக்குக் கொஞ்சங் கொஞ்சமா மறந்துக்கிட்டு வருதும்மா. இவ மொகமாவது எங்கிட்ட இருக்கட்டும்."

அம்மா, "ஒளிச்சு எடுக்க மாட்டேன். அவரு பயம் பொய்யில்ல, புள்ளையப் பறிகொடுத்தவரு. நான் கேக்கறேன்" என்று லயத்துக்குப் போனார். முத்தம்மாளின் கணவர் சுடலைமுத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"வேண்டாந் தாயி. ஒண்ணு போனது போதும்" என்றார் அவர், கோடரியைக் கீழே வைக்காமல்.

அம்மா என்னைக் கைப்பிடித்து முன்னால் நிறுத்தினார்.

"அண்ணே, இது எம் மகளுங்க. உங்க புள்ளையோட இதையும் சேத்து உக்கார வெக்கறேன். வர்றது எதுவானாலும் ரெண்டுக்கும் வரட்டும்."

அத்தா திடுக்கிட்டு அம்மாவைப் பார்த்தார். ஆனால் தடுக்கவில்லை. சுடலைமுத்து என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கோடரியைச் சுவரில் சாய்த்தார்.

ஒரு கம்பளியில் எங்கள் இருவரையும் உட்கார வைத்தார்கள். பனி வந்து மூடியது, விலகியது, மறுபடி மூடியது. பேச்சி அப்பனிடம் போக வேண்டும் என்று அழுதாள். அம்மா கறுப்புத் துணியை விட்டு வெளியே வந்து, "அண்ணே, இங்க எம் பக்கத்துல வந்து நில்லுங்க. அவகிட்டப் பேசுங்க" என்றார்.

"என்னத்தப் பேச?"

"தினமும் என்ன பேசுவீங்களோ அதுதான்."

அவர் கேமராவின் ஓரத்தில் குந்தி, "ஏட்டி பேச்சி, கோழி எங்கட்டி போச்சு?" என்றார். பேச்சி அழுகையை நிறுத்தி அப்பனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்த நொடி வெயில் விழுந்தது. முத்தம்மாளுக்குக் கொடுத்தது போக, அந்தப் படத்தின் ஒரு பிரதி இன்றும் எங்கள் கூடத்தில் இருக்கிறது. கன்னத்தில் கண்ணீர் காயாமலே பேச்சி சிரித்துக்கொண்டிருப்பாள்.

ஊர் திரும்பிச் சில வாரங்களில் எனக்குக் கடுங்காய்ச்சல். பேச்சு நின்று, ஆஸ்பத்திரியில் கிடந்தேன். உறவில் சிலர் அம்மாவின் முகத்துக்கு நேராகவே, "நீ சொன்ன சொல்லுதான் பலிச்சுடுச்சு" என்றார்கள். அம்மா தொழுகைப் பாயில் உட்கார்ந்து, "அந்த வார்த்தையை ஏன் சொன்னேன், யா அல்லாஹ்" என்று அழுததை அத்தா பார்த்திருக்கிறார். ஆனாலும் மாமாவுக்கு அம்மா அனுப்பிய செய்தி இதுதான்: "பேச்சி நல்லா இருக்காளான்னு பார். எம் புள்ளைக்கு முடியலைங்கறது அந்த மனுஷன் காதுல விழக் கூடாது."

மாமா கடையைப் பூட்டிக்கொண்டு என்னைப் பார்க்கக் கிளம்பியதுமே செய்தி லயத்துக்குப் போய்விட்டது. சுடலைமுத்துவும் முத்தம்மாளும் பேச்சியைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கிப் பாலக்காட்டுக்கு வந்தார்கள். வார்டு வாசலில் நின்று அவர் கைகூப்பினார்.

"தாயி, எம் புள்ளைக்கு வர இருந்தத உங்க புள்ள வாங்கிக்கிச்சே."

"அப்படிச் சொல்லாதீங்கண்ணே. இது தண்ணியில வந்த காய்ச்சல்னு டாக்டர் சொல்லிட்டாரு. இந்த வார்டுல இத்தனை புள்ளைங்க கெடக்குதே, இதுக எல்லாம் படமா புடிச்சுக்கிச்சு?"

அவர் கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சுவரோரம் சரிந்து உட்கார்ந்து அழுதார். "அப்போ எம் மவன் படத்த நான் வீணா எரிச்சுப்போட்டேனே" என்றாராம். அம்மா அவர் அருகில் போய் உட்கார்ந்துகொண்டார். என் காய்ச்சல் இறங்கும்வரை அவர்கள் எங்கள் வீட்டிலேயே தங்கினார்கள். வெந்நீர் காய்ச்சி ஆஸ்பத்திரிக்குச் சுமந்து வந்தவர் சுடலைமுத்துதான்.

அடுத்த முறை மலையேறியபோது அந்த லயத்தின் எல்லாக் குடும்பங்களையும் அவரே முற்றத்துக்கு அழைத்து வந்தார். மனைவி மகளோடு தாமும் முதல் ஆளாகக் கம்பளியில் உட்கார்ந்தார்.

அத்தா காலமான பிறகு அம்மா தனியாகவே ஸ்டூடியோவை நடத்தி எங்கள் மூவரையும் படிக்க வைத்தார். முன்பு கோபித்துக்கொண்ட பெரியத்தாவின் மருமகள்களும் பேரன்களும் அம்மாவிடம்தான் படத்துக்கு வந்தார்கள். அம்மா பழைய பேச்சு எதையும் எடுத்ததில்லை.

கடைசி மாதங்களில் அம்மா படுக்கையிலேயே இருந்தார். மகளைப் போல அவருக்குத் தலைவாரி விட்ட பக்கத்து வீட்டு சாரதா சேச்சிக்கும், கூப்பிட்ட போதெல்லாம் வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டருக்கும், குர்ஆனின் யாசீன் அத்தியாயம் ஓத வந்த பெண்களுக்கும், குளிப்பாட்டிக் கஃபன் துணி அணிவித்தவர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள்.

இறுதி நாளில் வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அம்மா கண் திறந்து என்னிடம், "வந்தவங்க எல்லாரும் சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் கண்களை மூடிக்கொண்டார். அதன் பிறகு மூன்று நாள் எங்கள் அடுப்பு எரியவில்லை. தெருவில் உள்ளவர்கள், எந்த மதத்தவர் என்ற வேறுபாடு இல்லாமல், வேளை தவறாமல் சோறு கொண்டுவந்து எங்களையும் வந்தவர்களையும் பந்தியில் உட்கார வைத்தார்கள். அந்தக் கைகளுக்கெல்லாம் இறைவன் குறைவில்லாமல் கொடுக்கட்டும்.

சாப்பிட்டாங்க அம்மா, எல்லாரும் சாப்பிட்டாங்க.