துலுக்கானத்தின் ரகசியக் குரல்

அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடித்து உருக்கொடுத்த அந்தப் பழைய பிரஸ் கம்பெனி இப்போது நாடக அரங்கம். கருத்த செங்கல் சுவரையும் ரம்பப் பல் போன்ற கூரையையும் அப்படியே விட்டுவிட்டு, உள்ளே மேடை போட்டு, நாற்காலி அடுக்கி, கனத்த கதவு மாட்டிவிட்டார்கள். அதே கொட்டகையில் பிரஸ் ஓட்டிய துலுக்கானத்துக்குக் கதவருகே நிற்கும் வேலை கிடைத்தது.

மனைவி போனபின் வீட்டில் பேச ஆளில்லை. மகன் பரத் முகப்பேர் ஃப்ளாட்டில் இருக்கிறான். போனில் "இன்னா நைனா, சாப்ட்டியா" என்பதோடு சரி. அரங்கத்திலோ வருகிறவர்கள் எல்லாம் ஏதாவது கேட்டார்கள். சீட்டு எங்கே, தண்ணீர் எங்கே, முன்னே இது என்ன கம்பெனி. அந்தப் பேச்சுக்காகவே அவர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார்.

பிரஸ் ஷாப் இரைச்சலில் காது மந்தமானவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது; துலுக்கானத்துக்கும் அப்படித்தான். அன்றைக்கு மேடையில், புருஷன் பிணத்தருகே ஒருத்தி வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த காட்சி. அரங்கமே மூச்சடக்கிக் கிடந்தது. ஓர் அம்மாள் எழுந்து வந்து பாத்ரூம் எங்கே என்று கையால் கேட்டாள். துலுக்கானம் குனிந்து, அவள் காதோரம், ரகசியமாகத்தான் சொன்னார்.

"நேரா போம்மா, லெப்டுல கீது. தாப்பா சரியா வுழாது, பாத்து."

முன்வரிசை வரை எல்லாத் தலையும் திரும்பியது. ஒருவர் சிரிக்க, எல்லோருக்கும் பரவியது. பிணத்தின் வயிறும் குலுங்கியது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று துலுக்கானம் மேடையைத்தான் பார்த்தார்.

மறுநாள் நிர்வாகி மோகனப்பிரியா கூப்பிட்டாள்.

"நா மெதுவாத்தான் சொன்னேன்மா."

"இப்பக்கூட வாசல் வரைக்கும் கேக்குதுண்ணே."

வாசலில் டீயோடு நின்ற லைட்காரர் தினகரன், "தாப்பா மேட்டர் ஊருக்கே தெரிஞ்சுபோச்சு அண்ணாத்தே" என்றார்.

"உள்ளயே நிக்கணும்னா வாய் திறக்கக் கூடாது, கையக் காட்டணும். இல்லன்னா வெளிய வண்டி நிறுத்தற இடத்துல நில்லுங்க" என்றாள் மோகனப்பிரியா.

"அங்க பேசலாமா?"

"எவ்ளோ வேணா கத்துங்க."

துலுக்கானம் வெளியே போனார்.

நினைத்தது போல் இல்லை. காரில் வருகிறவர்கள் கண்ணாடியை இறக்குவதில்லை. அவர் கையைப் பார்த்தே வண்டியைத் திருப்பினார்கள். மணி அடித்துக் கதவு சாத்தினால் உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வராது. இவரும் வண்டிகளும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதவு சாத்தி வெகுநேரம் கழித்து, வேர்க்க விறுவிறுக்க ஒருவன் பைக்கில் வந்தான்.

"அண்ணா, ஆரம்பிச்சுட்டாங்களா?"

"இன்னும் இல்ல நைனா. நெதானமா போ. எங்கேர்ந்து வர்ற?"

"ஆவடி."

"ஆவடியா. வழியில இன்னா, ஒரே டிராபிக்கா?" என்று கேட்டபடியே, அவன் கையிலிருந்த ஹெல்மெட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.