கம்ப்யூட்டருக்குப் போன காற்று

மகன் தன் பழைய கம்ப்யூட்டரின் பக்கத்தகட்டைக் கழற்றி, டேபிள் ஃபேனை அதற்கு நேராக வைத்தான். சூடான தூசி வாசனை எழுந்தது. சங்கரன்கோவில் வீட்டில் இதே வாசனை அடித்த மே மாத மதியங்களில், அண்ணனின் கம்ப்யூட்டர்மேல் நான் பொறாமையில் வெந்துகொண்டிருந்தேன்.

விளையாட்டுகள் வேகமாக ஓடுவதற்காக அண்ணன் பிராசசரின் வேகத்தை அளவுக்கு மேல் கூட்டியிருந்தான். அது சூடேறாமலிருக்க, வீட்டின் ஒரே ஃபேனும் அதற்கே போனது.

“எனக்கும் வேர்க்குல்லா?” என்றால், “ஏட்டி, அது சூடானா நின்னுரும். நீ விசிறிக்கோ” என்பாள் அம்மா.

ஒரு மதியம் புழுக்கத்தில் மயங்கி விழுந்தேன். அப்பா ஓடிவந்து ஃபேனை என் பக்கம் திருப்பினார். கம்ப்யூட்டர் நின்றது. அண்ணன் கத்தினான்.

“ஏலே, வேகத்தைக் குறைச்சு வையி. பிள்ளை மயங்கிக் கிடக்கு” என்றார் அப்பா.

எனக்கு அப்போதே மயக்கம் தெளிந்துவிட்டது. கண்ணைத் திறந்தால் ஃபேன் திரும்பிவிடுமே என்று மூடியே கிடந்தேன்.