ரீத்தாவின் கைக்கு எட்டிய வீடு

தீவில் டெய்ரி ஃபார்ம் என்ற பேட்டையில் லூர்துநாதன் கட்டிய வீட்டைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. ஜன்னலெல்லாம் முழங்கால் உயரத்தில். தாழ்ப்பாள் அதற்கும் கீழே. வாசலில் படிக்குப் பதில் சரிவுப் பலகை. படகு கட்டுகிற ஆசாரிக்கு வீடு கட்டத் தெரியவில்லை என்றார்கள். அட, தெரியாமலா கட்டினான்? அவன் மனைவி ரீத்தாவுக்குச் சின்ன வயதிலேயே இரண்டு காலும் விளங்காமல் போய்விட்டது. கையை ஊன்றித் தரையில் நகர்வாள். அவள் கைக்கு எட்டாத எதையும் அவன் அந்த வீட்டில் வைக்கவில்லை.

எழுபத்திரண்டாம் வருஷம் அவனுக்குக் கடல் தாண்டி ஹட் பேயில் நிரந்தர வேலை கிடைத்தது. இந்த வீட்டை விற்றால்தான் அங்கே ஒன்று கட்ட முடியும். கான்ட்ராக்டர் பழனிசாமி வந்து சுற்றிப் பார்த்தார்.

“பக்கத்துல பொன்னம்மா வீடு ஏழாயிரத்துக்குப் போச்சு. இதுவும் அதே படாக் மரம், அதே அளவுதான்,” என்றான் லூர்து.

“டீக் ஹை, அளவெல்லாம் சரிதான், மேஸ்திரி. ஆனா ரோட்டுல போறவனெல்லாம் உள்ள எட்டிப் பார்ப்பானே. இப்படியே குடுத்தா அஞ்சாயிரம். கீழ் ஜன்னலை அடைச்சு மேல வெட்டிக் குடு, ஏழு தர்றேன். திங்கக்கிழமை கப்பல்ல நான் மெயின்லேண்ட் போறேன். அதுக்கு முன்னாடி பார்த்துட்டுப் பணத்தைக் குடுத்துடறேன்.”

ரீத்தாவே சம்மதித்தாள். வெள்ளிக்கிழமை முழுக்க நின்று வேலையை முடித்தான் லூர்து. பார்க்க எல்லார் வீட்டையும்போல ஆகிவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தான். தினமும் அவன் தெருமுனையில் திரும்பும்போதே ஜன்னல் வழியே பார்த்துத் தேத்தண்ணிக்கு உலை வைத்துவிடுவாள். அன்று அடுப்பு அணைந்து கிடந்தது. பகல் வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே விளக்கேற்றி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

“வந்துட்டியளா? நீங்க வாரது தெரியல. இந்தா, இப்பப் போட்டுருதேன்,” என்றாள், தப்புச் செய்தவள்போல.

லூர்து அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தான். கடப்பாரையை எடுத்து அடைத்த பலகையைப் பெயர்த்தான்.

ரீத்தா பதறிப்போனாள். “கிறுக்கா புடிச்சிருக்கு? நாளைக்குக் கான்ட்ராக்டர் பார்க்க வாராரே. இன்னும் இருவது நாளுல கப்பலேறப் போறோம். இருவது நாளுக்கு ரெண்டாயிரமா?”

“ஆமாட்டி,” என்று சொல்லிவிட்டு அடுத்த ஜன்னலுக்குப் போனான்.