அத்தானின் நாற்காலியும் நாற்பது ஆரஞ்சு மரங்களும்

என் அக்காவின் கணவருக்கு வெயில் ஆகாது. வேலை ஆகாது என்பதைத்தான் அப்படிச் சொல்லிக்கொள்வார். அப்பா அக்காவுக்கு எழுதிவைத்த நாற்பது ஆரஞ்சு மரங்களைப் பதினோரு வருடமாக மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே பராமரித்த மகான் அத்தான்.

மரத்தின் சத்தைச் சோதிக்க வருடத்துக்கு ஒருமுறை இலை பறித்து அனுப்ப வேண்டும். மரத்தைச் சுற்றி வந்து, வெயில் படுகிற வெளிக் கிளைகளில் பறிக்க வேண்டும். அத்தான் மர நிழலில் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டுவார். நிழலில் இருக்கிற இலை அகலமாக, மெல்லிசாக, கரும்பச்சையாக விரியும். வெயில் இலை சிறுத்துத் தடித்திருக்கும். மரத்துக்குச் சமைத்துப் போடுவது பெரும்பாலும் அதுதான். ஆனால் அத்தானுக்கு அகலம்தான் பெருமை. வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டிப் பீற்றிக்கொள்வார். சோதனைக்கூடமும் சத்து போதும் என்றே எழுதும். கிளைகள் பின்னி மரத்துக்குள் இருட்டடைந்தது. காய்ப்பு வருடா வருடம் குறைந்தது.

கடைசியில் மேதை வாய் திறந்தார். "மரத்துக்கு வயசாயிடுச்சு. வெட்டிடலாம். அடுத்த மாசம் ஆளுங்க வராங்க."

அக்கா அன்று சாப்பிடவில்லை. எனக்கு அத்தான் முகத்தைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

மறுநாள் அக்காவே ஏணியைத் தூக்கிக்கொண்டு போய், வெயில் பக்கத்து இலைகளைப் பறித்து அனுப்பினாள். பதில் வந்தது. தழைச்சத்து குறைவு, முன்பு அனுப்பியவை நிழல் இலைகளாக இருக்கலாம், உரமிட்டு, மரத்தின் நடுவில் வெளிச்சம் விழக் கிளைகளைக் கழித்துக் கவாத்து செய்யவும்.

அத்தான் படித்துவிட்டு, "நானும் இதத்தானே சொல்லிட்டிருந்தேன்" என்றார். கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை.

சொன்னபடி ஆட்கள் ரம்பத்தோடு வந்தார்கள்.

"எந்த மரத்துலேர்ந்தும்மா வெட்டணும்?"

"மரத்த வெட்ட வேணாம்" என்றாள் அக்கா. "நடுக் கிளைங்கள மட்டும் எடுங்க. மொதல்ல அவர் தலைக்கு மேல இருக்கறத."

அத்தான் நாற்காலியை அடுத்த மரத்தடிக்கு இழுத்தார். ஆட்கள் அங்கேயும் வந்தார்கள். மறுபடி இழுத்தார். மூன்றாம் நாள் மதியம் நாற்பதாவது மரமும் முடிந்தது. நாற்காலியை மடக்கிக் கையில் பிடித்தபடி, எங்கே போடுவதென்று தெரியாமல் நின்றார்.

அக்கா அவரிடம் காலிப் பையை நீட்டினாள்.

"அடுத்த வருஷம் நீங்களே இலை பறிக்கலாங்க. எங்க உக்காந்தாலும் இனி வெயில்தான்."