தாமரைக்குள் மானைப் பிடித்தவள்

ஜமீலா போய்விட்டாள். திருமலைராயன்பட்டினம் ஜமீலா. காலையில் வாட்ஸ்அப்பில் மெசேஜ் வந்தது.

மூன்று தடவை படித்தேன். இன்னாரின் மகளும், இன்னாரின் மனைவியும், இன்னின்னாரின் தாயாருமானவர் வஃபாத்தாகிவிட்டார்கள்... ஆறு ஆண்களின் பெயர் இருக்கிறது. அவள் பெயர் இல்லை.

பொறுக்க முடியாமல் அவள் பெரிய மகனுக்குப் போன் போட்டேன். துக்க வீட்டில் கேட்கிற கேள்வியா என்று நீங்கள் திட்டலாம். திட்டிக்கொள்ளுங்கள்.

"உம்மா பேரு எங்கே தம்பி?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே ஆன்ட்டி... பொம்பளைங்க பேரு போடுற வழக்கமில்லீங்க."

பாவம், அழுதுகொண்டிருந்தான். அவனை என்ன சொல்ல? என் மாமியார் இறந்தபோது எங்கள் வீட்டுப் போஸ்டரிலும் இதே லட்சணம்தான். அன்று நான் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் ஜமீலாவுக்கு இது இரண்டாவது தடவை. அதனால்தான் எழுதுகிறேன்.

பிரெஞ்சுக்காரன் எங்கள் காரைக்காலை விட்டுப் போவதற்கு ஒரு வருஷம் முந்தி நடந்தது. எங்களுக்குப் பதினாறு வயது. இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியாகிவிட்டது.

எங்கள் வீட்டுக்கு மெட்ராஸிலிருந்து ஒரு வாரப் பத்திரிகை வரும். அதில் குறுக்கெழுத்துப் போட்டி. மத்தியானம் ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு, ஜமீலா வீட்டுக்கு ஓடுவேன்.

ஒரு வாரம் பெரிய போட்டி. கட்டங்களை நிரப்பினால் மட்டும் போதாது. எட்டு விடைகளுக்குள் எட்டு மிருகங்கள் ஒளிந்திருக்கின்றன, அவற்றையும் கண்டுபிடித்து எழுத வேண்டும்.

பரிசுக்குள் பரி, குதிரை. அரிசிக்குள் அரி, சிங்கம். கரிசனத்துக்குள் கரி, யானை... இப்படி ஏழு மாட்டிவிட்டது. தாமரை மட்டும் பிடி கொடுக்கவில்லை. மூன்று நாள்! நான் பென்சிலைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

நான்காம் நாள் போனால் ஜமீலா வாசலிலேயே நிற்கிறாள். "எங்க வாப்பா பேருல இருக்குடீ அந்த மிருகம்!"

அவள் வாப்பா பெயரின் பின்னால் மரைக்காயர் என்று வரும். சின்னப் பிள்ளையில் அதற்கு அர்த்தம் தேடி பள்ளிக்கூடத்து அகராதியைப் புரட்டியிருக்கிறாள். 'மரை' மட்டும் கிடைத்ததாம். மான் சாதி என்று போட்டிருந்ததாம். தன் முன்னோர்கள் எல்லாம் மான் வேட்டைக்காரர்கள் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தாளாம்!

கப்பலோட்டின குடும்பம் அது. மரக்கலத்திலிருந்து வந்த பெயர் என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள். இருக்கட்டும். தாமரைக்குள் மரை. விடை சரி.

விடைத்தாளில் பெயர் எழுதும் இடத்தில் பென்சிலால் தன் பெயரை எழுதினாள். "பரிசெல்லாம் வேணாம்டீ. பேரு அச்சுல வந்தாப் போதும். வெட்டி வச்சுக்குவேன்."

அதற்கப்புறம்தான் கீழே பொடி எழுத்தில் இருந்த விதியைப் பார்த்தோம். இந்தியாவுக்கு வெளியிலிருந்து வரும் விடைகள் ஏற்கப்பட மாட்டா.

பிரெஞ்சுக்காரன் ஆள்வதால் நாங்கள் வெளிநாடாம்! நடந்தே போகிற தூரத்தில் நாகூர் இருக்கிறது, அது இந்தியா. பத்திரிகையை எங்களிடம் விற்கலாம், விடையை மட்டும் வாங்க மாட்டார்களாம். என்ன நியாயம் இது?

நாகூரில் அவள் பெரியம்மா மகன் இருந்தார். அண்ணன் முறை, நானா என்று கூப்பிடுவாள். அவர் விலாசத்தில் அனுப்பலாம் என்று யோசனை சொன்னது நான். விலாசத்துக்குத் தகுந்த பெயர் வேண்டாமா என்று கேட்டதும் நான். ரப்பரால் அவள் பெயரை அழித்து, மையில் அவர் பெயரை எழுதியதும் இந்தக் கைதான்.

அத்தனையும் சரியாக எழுதியவர் ஒரே ஒருவர் என்று பத்திரிகையில் வந்தது. கூடவே அந்த நானாவின் பெயர். அதை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை எழுதினதே போதும்.

பரிசு ஒரு கைக்கடிகாரம். அதைக் கட்டிக்கொண்டு அவள் வீட்டு விருந்துக்கே வந்தார். நானும் ஜமீலாவும் உள்கட்டில் நின்றோம். வெளியே ஆண்கள் ஒரே பாராட்டு.

"மண்டைய ஒடச்சுக்கிட்டுல்ல போட்டேன்!" என்றார் மனுஷர், கொஞ்சமும் கூசாமல்.

ஜமீலா கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். "நானா, தாமரைக்குள்ள என்ன மிருகம்?"

"தாமரையில ஏது புள்ள மிருகம்? தவளைதான் இருக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்... எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரவில்லை.

பிரெஞ்சுக் கொடி இறங்கியபோது ஊரெல்லாம் வெடிச் சத்தம். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இனிமே எம்பேர்லயே அனுப்பலாம்ல?"

அனுப்பலாம் என்றேன். சீக்கிரமே அந்தப் பத்திரிகை போட்டியையே நிறுத்திவிட்டது. அவளுக்கு நிக்காஹ் ஆனது, எனக்குக் கல்யாணம் ஆனது, நான் ஊரை விட்டு வந்துவிட்டேன்.

கமெண்டில் 'ஆழ்ந்த இரங்கல்' போடுகிறவர்கள் தயவுசெய்து அவள் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். கை தேய்ந்துவிடாது.

இடமிருந்து வலம், மூன்று எழுத்து. ஜ... மீ... லா.

எழுதிவிட்டேன்டீ. இந்தத் தடவை யார் சொன்னாலும் அழிக்க மாட்டேன். போய் வா.