நாங்கள் வலம், அக்கா இடம்

கரும்புச் சோகை எரிகிற வாசனை வந்தால் போதும், பின்னாலேயே அக்காவும் வந்துவிடுவாள். இன்று காலையும் வந்தாள். ஏரிக்கரையில் ஏறுகிறேன், தெற்கே எங்கோ வெட்டு முடிந்த கரும்புக் கொல்லையில் தீ வைத்திருக்கிறார்கள். இனிப்பும் காந்தலுமாக ஒரு புகை தண்ணீரைத் தடவிக்கொண்டு வருகிறது, கருகிய சோகை இலைத் துணுக்குகள் ஆடி ஆடி இறங்கி என் வெள்ளைச் சட்டையில் உட்காருகின்றன. தட்டினால் மையாக இழுத்துக்கொள்ளும். ஊதித்தான் விட வேண்டும். "தட்டாதடா, ஊது! ஊது!" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து கத்திக்கொண்டே வருவாள் அக்கா. ஊருக்குள் நாலு பேர் 'சார்' என்று கூப்பிடுகிற ஆள் நான், நரை வந்த தலையோடு கரை நடுவில் நின்று நெஞ்சைக் குனிந்து குனிந்து ஊதிக்கொண்டிருப்பேன்.

அக்கா இப்போது ஓசூரில், மகன் வீட்டில்.

எங்கள் ஏரி பெரிய ஏரி ஒன்றும் இல்லை. கள்ளக்குறிச்சியின் ஓரத்தில், ஊர் முடிந்து கழனி தொடங்குகிற இடத்தில், காலை நீட்டிப் படுத்த மாதிரி கிடக்கும். மதகில் ஏறினால் புங்கமர வரிசை; புங்கம்பூ கொட்டிக்கிடக்கிற மாதத்தில் மிதித்து நடக்கவே கூச்சமாக இருக்கும். அப்புறம், ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகிற கலங்கல் மேல் ஒரு சின்னப் பாலம். அதைத் தாண்டினால் ஊஞ்சலும் சறுக்குமரமும் சிமென்ட் பெஞ்சுமாக ஒரு பூங்கா, அதன் வழியே திரும்பவும் மதகு. மேடு இல்லை, பள்ளம் இல்லை, சிவப்புக் கல் பதித்த நடைபாதை. முக்குளிப்பான்கள் இந்தப் பக்கம் மூழ்கி அந்தப் பக்கம் எழும். எங்கே எழும் என்று பார்த்துக்கொண்டே நடந்தால் ஒரு சுற்று போனதே தெரியாது.

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. எழுதுவதைக்கூட நடந்துகொண்டேதான் மனசுக்குள் எழுதுவேன். அதனால், என் மனைவிக்குச் சர்க்கரை என்று சொல்லி "தினம் நடங்கம்மா" என்று டாக்டர் அனுப்பியபோது வீட்டில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நான்தான். அந்தச் சமயம் பார்த்து அக்காவுக்கும் முட்டிவலி வந்தது. "சமதரையாப் பாத்து மெதுவா நடங்க" என்றாராம் அவளுடைய டாக்டர். எங்கள் பக்கத்தில் சமதரை என்றால் ஏரிக்கரைதான். சிக்கலும் அங்கேதான்.

என் மனைவியும் அக்காவும் பேசிக்கொள்வதில்லை.

அக்கா மகளின் கல்யாணம் ரிஷிவந்தியத்தில் நடந்தது. பந்தியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அக்காதான் என் மனைவியைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அனுப்பினாள். இவளும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாருக்குப் பாயசம் வரவில்லை, யாருக்கு அப்பளம் வரவில்லை என்று வேர்த்து விறுவிறுத்து நின்றாள். மேடையில் குடும்பப் போட்டோ எடுத்தார்கள். இவளைப் போய்க் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. நான் வண்டியோடு விருந்தாளிகளை அழைத்துவரப் போயிருந்தேன். நானும் அந்தப் போட்டோவில் கிடையாது, எனக்கு அது பெரிதாகவும் படவில்லை. இவளுக்குப் பட்டது. பந்தி முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு, ஒரு வாய் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டாள். "என் பொண்ணு கல்யாணத்துல தம்பி பொண்டாட்டி சாப்புடாம போனா, பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?" என்று அக்காவுக்கு அது ஆறாத குறை. ஆளுக்கு ஒரு நியாயம். வருஷங்கள் ஓடின.

முதல் நாள் கரையில் எங்களைப் பார்த்ததும் அக்கா சட்டென்று திரும்பி இடப்பக்கமாக நடக்க ஆரம்பித்தாள். நாங்கள் கோயில் சுற்றுகிற மாதிரி வலமாகப் போனோம். விளைவு என்ன? ஒவ்வொரு சுற்றிலும் கலங்கலில் ஒரு தடவை, மதகில் ஒரு தடவை என்று நேருக்கு நேர் முட்டிக்கொண்டார்கள். ஒரே பக்கமாக, கொஞ்சம் இடைவெளி விட்டு நடந்தால் முகம் பார்க்கவே தேவையில்லை என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சொல்லிப் பார்த்தேன்.

"அவ பின்னாடி நான் நடக்கணுமா?" என்றாள் அக்கா.

"அவங்களுக்கு முதுகக் காட்டிக்கினு நான் நடக்கணுமா?" என்றாள் மனைவி.

அப்படித் தொடங்கியது ஜாடைப் பேச்சு. முகம் தண்ணீர்ப் பக்கம் இருக்கும், பேச்சு என்மேல் இருக்கும், அடி வேறு இடத்தில் விழும். அக்கா கடந்து போகிறபோது, "தம்பி, சர்க்கரை ஆலை இருக்கற ஊருல பொண்ணு எடுத்தோமே, அத்தினி சர்க்கரையும் ரத்தத்துக்கே போயிடுச்சாடா? வாய்க்கு ஒண்ணும் வரலியே!" என்பாள். என் மனைவி மூங்கில்துறைப்பட்டுக்காரி. பதில் உடனே வராது. அரைச் சுற்று முழுக்க உதட்டுக்குள்ளேயே தயாராகும். அடுத்து எதிர்ப்படும்போது, "ஏங்க, சில பேருக்கு முட்டி தேஞ்சிடுச்சாமே. நாக்கு மட்டும் எப்டிங்க தேயவே மாட்டேங்குது?"

அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வேகமாகப் போனாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று முதுகு குலுங்கியதில் தெரிந்தது. இந்தப் பக்கம் மனைவியும், "உங்க அக்காவுக்கு வாய்க்கு மட்டும் கொறச்சலே இல்ல" என்று சொல்லும்போது அதில் கோபத்தைவிட வேறு ஏதோ ஜாஸ்தியாக இருந்தது. ஒரு நாள் இவளுக்குக் காய்ச்சல், நான் மட்டும் போனேன். மதகில் அக்கா, "இன்னாடா தனியா வர்ற?" என்றாள். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு நடந்தாள். கலங்கலில் மறுபடி பார்த்தபோது, "கசாயம் வெச்சு குடுத்தியா? மொளகு தூக்கலாப் போடு. நான் சொன்னேன்னு சொல்லாத."

பிறகுதான் ஓசூர் சேதி வந்தது. மாமா தவறிப்போனதிலிருந்து அக்கா தனி. மகன் ஒரேயடியாக வந்துவிடச் சொல்லிவிட்டான். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறாள். எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது: அவள் போவதற்குள் இரண்டு பேரும் என்னை விட்டுவிட்டு நேராக ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். இல்லாவிட்டால், ஓசூர் தூரம் என்பதே நல்ல சாக்காகிவிடும்.

போவதற்கு முன்னால் அக்காவுக்குக் கரியாலூர் பார்க்க வேண்டுமாம். "பொறந்ததுலேந்து இங்கேந்து அந்த மலைய அண்ணாந்து பாத்துகினே இருக்கேன், ஒரு தபா மேல ஏறல" என்றாள். மகன் கார் கொண்டுவந்தான். முன்சீட்டில் அவன் சாமான்கள்; பின்சீட்டில் ஒரு ஜன்னலில் அக்கா, ஒரு ஜன்னலில் மனைவி, நடுவில் நான். கச்சிராயபாளையம், கோமுகி அணை, அப்புறம் வளைவு வளைவாக மலை. வண்டி இடப்பக்கம் திரும்பினால் மனைவி என்மேல் சாய்வாள், வலப்பக்கம் திரும்பினால் அக்கா. இரண்டு பேருக்கும் நடுவில் நான் நசுங்கிக்கொண்டே போனேன். சாமை அறுத்த சரிவுகள் மஞ்சளாகக் கிடந்தன. குளிர் ஜன்னல் வழியே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

கரியாலூரில் போட் ஹவுஸ் ஏரியைச் சுற்றி ஒரு பாதை உண்டு. பூங்காவில் தொடங்கி, மரங்களுக்குள் நுழைந்து, தண்ணீர் ஓரமாகவே போகும் ஒற்றையடித் தடம். மலைப்பாதையில் வண்டி ஓட்டிய களைப்பில் அக்கா மகன் காரிலேயே தூங்கிவிட்டான். அக்கா இறங்கியதும் யாரையும் கேட்காமல் இடப்பக்கம் நடந்தாள். பழக்கம். நாங்கள் வலப்பக்கம் நாலு எட்டு வைக்கவில்லை, என் செருப்பு வார் அறுந்துபோனது. சரளைக்கல்லில் வெறுங்காலோடு நடக்க முடியவில்லை.

"நீங்க உக்காருங்க. ஒரு சுத்து போய்ட்டு வந்துடறேன்" என்று மனைவி தனியாகக் கிளம்பினாள்.

பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பக்கம் இரண்டு பேரும் சந்திப்பார்கள்; நடுவில் நான் இருக்க மாட்டேன். ஜாடை பேசுவதற்கு ஒரு ஆள் வேண்டுமே!

எதிர்க்கரையில் அக்காவின் மஞ்சள் புடவையும் இவளுடைய நீலமும் மரங்களுக்கிடையே நெருங்கி, நெருங்கி, நின்றன. தடம் அங்கே குறுகல்; ஒருவர் ஒதுங்கினால்தான் இன்னொருவர் போக முடியும். யாரும் ஒதுங்கவில்லை. பிறகு அக்காவின் கை உயர்ந்தது. தண்ணீரின் மேல் குரல் வழுக்கிக்கொண்டு வந்தது.

"ஏன்டி சாப்புடாம போன?"

"நீங்க கூப்ட்டீங்களா? போட்டோவுக்குத்தான் கூப்புடல, சாப்புடவாவது கூப்ட்டீங்களா?"

"உன்னக் கூப்புடணுமா? அது உன் வூட்டுக் கல்யாணம்டி!"

"அப்ப ஏன் அண்ணி அந்த போட்டோவுல நான் இல்ல?"

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாமா என்று எழுந்தேன். பிறகு உட்கார்ந்தேன். இத்தனை வருஷமாக நான்தான் இவர்களுக்கு நடுவில் பாலம் என்று நினைத்திருந்தேன், தடுப்புச்சுவராக இருந்திருக்கிறேன். குரல்கள் ஏறின, கலந்தன, ஒருவர் முடிக்காமல் இன்னொருவர் பேசினார்கள், அப்புறம் தாழ்ந்து ஒன்றுமே கேட்காமல் போயிற்று. அக்கா மூக்கைச் சிந்துவது மட்டும் தெரிந்தது. ஒரு பாறையில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். வெகுநேரம் கழித்து, நீலம் முன்னாலும் மஞ்சள் பின்னாலுமாக, ஒரே பக்கமாக வந்தார்கள்.

"இன்னாடா பாக்கற? பசிக்குது, எங்கியாவது சோறு கெடைக்குதா பாரு" என்றாள் அக்கா.

திரும்பி வந்த பிறகு, ஓசூர் போகும்வரை கிடைத்தவை சில காலைகள்தான். கரையில் அவர்கள் இரண்டு பேரும் முன்னால் போவார்கள், நான் பின்னால். விட்டுப்போன வருஷங்களின் பேச்சு பாக்கி இருந்தது அவர்களுக்கு. யார் வீட்டில் என்ன, யாருக்கு எத்தனை பிள்ளை, எந்த மாத்திரை நல்லது. என்னிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டையில் சோகைக் கரி விழுந்தாலும் நானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். நான் நடந்த நடைகளிலேயே எனக்கு இன்னும் வேண்டும் என்று ஏங்குவது அந்தக் காலைகளுக்குத்தான்.

கிளம்புகிற அன்று அக்கா வீட்டு வாசலில் கார் உறுமிக்கொண்டு நின்றது. மூட்டைகளுக்கு நடுவே இடம் செய்துகொண்டு அக்கா உட்கார்ந்தாள். மனைவி ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

"போய்ச் சேந்ததும் போன் பண்ணுங்க அண்ணி."

"உன் நம்பர் என்கிட்ட ஏதுடி? அப்பவே அழிச்சிட்டேனே."

"நான் அழிக்கல. நானே பண்றேன்."

"நாளைக்கு, நாளன்னைக்குன்னு இழுக்காத. இன்னைக்கே பண்ணு."